பெருமீன் றீலின் கைப்பிடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு எதிரே, கடலில் 20 மைலுக்குச் சற்று அப்பால் சாந்தா கற்றலினா என்னும் சிறு தீவு ஒன்று உண்டு. அதன் துறைமுகப் பட்டினத்துக்கு அவலன் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அங்கு ஓய்வுக்காக வந்து தங்கிய செல்வர்கள், உள்ளூர்ப் படகோட்டிகளை நாட்கூலிக்கு அமர்த்திக்கொண்டு மீன் பிடிக்கச் செல்வது வழக்கமாயிருந்தது. தடித்த கயிற்றிலே தூண்டிலைக் கட்டி வெறுங்கையாலேயே இழுத்து, ஒரு காலைப் பொழுதில் பெருந்தொகையான மீன்களைப் பிடித்துக் கரையிலே குவிப்பர். உண்பாரும் இன்றி, விற்பாரும் இன்றி அவற்றிற் பெரும்பகுதி வீணாகும். இந்த அழிவைக் கண்டு மனம் வருந்தியவர்களுள் ஒருவர் சாள்ஸ் பிரெடரிக் ஹோல்டர்.

ஹோல்டர் மீனவர் அல்லர். இயற்கை நூல் அறிஞர். நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பணிபுரிந்து, பின்னர் கலிபோர்ணியாவிலுள்ள பசடீனாவிற் குடியேறியவர். மீனுக்கும் தப்பிச் செல்ல ஒரு வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே கைக்கயிற்றை விடுத்து, மெல்லிய கோலையும் மெல்லிய நூலையும் கொண்டு பெருமீனைப் பிடிக்க முயன்றார். 1898ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி, அவலனுக்கு அப்பாலுள்ள கடலிலே 183 இறாத்தல் நிறையுள்ள சூரை மீன் ஒன்றை அவ்வாறே பிடித்தார். அவ்வாண்டிலேயே அவரும் நண்பர்களும் கூடி அவலன் சூரைமீன் சங்கத்தை நிறுவினர். மீன் படகின் அருகே வந்து சேரும்வரை, பிறர் கை படாமல் ஒருவரே தனித்து நின்று அதனோடு போராட வேண்டும் என்பது அச்சங்கத்தின் தலையாய விதி. பெருமீன் வேட்டை என்று இன்று உலகெங்கும் வழங்கும் விளையாட்டுக்கு இதுவே தொடக்கம் என்பர்.

விதி வகுப்பது எளிது. அதைக் கடைப்பிடித்த கைகள் பட்ட பாடு வேறு. அதற்குக் காரணம் றீலிலே பொருத்தியிருந்த ஒரு சிறு கைப்பிடி.

தூண்டில் றீல் என்பது, தையல் நூல் சுற்றிய கட்டையைப் போன்ற ஓர் உருளையும், அதைச் சுழற்றும் பற்சில்லுகளும், அவற்றை இயக்கும் கைப்பிடியும் கொண்ட ஒரு சிறு யந்திரம். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை இரண்டு அல்லது மூன்று முறை சுழலும். அக்காலத்து றீல்களிலே இவ்வுறுப்புகள் யாவும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மனிதன் கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழன்று நூலை உள்ளே இழுக்கும். மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடினாலோ, உருளை எதிர்ப்புறமாகச் சுழன்று கைப்பிடியையும் பின்னோக்கிச் சுற்றும். யாழ்ப்பாணத்து வீடுகளிலே பயறு உடைக்கும் திரிகையை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். அரைத்துக்கொண்டிருக்கும்போதே அத்திரிகை திடீரெனத் தானாகவே எதிர்ப்புறமாகச் சுழலத் தொடங்கினால், அதன் முளையைப் பற்றியிருக்கும் கையின் கதி யாதாகும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரை மீன் வினாடிக்கு 20 அடி வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உருளையின் சுற்றளவு 10 அங்குலமாயின், அது வினாடிக்கு 24 முறை சுழல வேண்டும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை இருமுறை சுழலும் றீலில், கைப்பிடி வினாடிக்கு 12 முறை பின்னோக்கிச் சுழலும். கண்ணுக்குத் தெரியாத வேகம் அது. கையை உரிய காலத்தில் எடுக்கத் தவறியவர்களின் விரல் மொழிகள் சிதைந்தன, நகங்கள் பெயர்ந்தன, சிலருக்கு எலும்பே முறிந்தது. ஆங்கிலத்திலே அந்த றீல்களுக்கு “மொழி உடைப்பான்” என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வழங்கியதில் வியப்பில்லை.

ஓடும் மீனைத் தடுப்பதற்கு அன்றிருந்த சாதனமும் எளிமையானதே. றீலின் தூண் ஒன்றில் ஒரு தோற்பட்டையைக் கட்டி, அதைப் பெருவிரலால் உருளையின்மீது அழுத்துவர். உராய்வினால் தோல் சூடேறும், நூலும் சூடேறும், விரலும் வெந்துபோகும். அதற்காக அவ்வப்போது றீலின்மேல் கடல்நீரைத் தெளித்துக்கொள்வர். வலக்கை கைப்பிடிக்கு அஞ்சி விலகி நிற்க, பெருவிரல் தோற்பட்டையிலே வேக, மூன்று நான்கு மணி நேரம் ஒருவர் தனித்துப் போராடுவதை விளையாட்டு என்று சொல்வதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

இந்த இடரைத் தீர்க்க முனைந்தவர்களின் முதல் எண்ணம் றீலை மாற்றுவது அன்று, கைப்பிடியை மாற்றுவதே என்பது கவனிக்கத்தக்கது. நியூயோர்க்கிலே எட்வேட் வொம் ஹோபும் புறூக்ளினிலே ஜூலியஸ் வொம் ஹோபும் செய்த றீல்கள், வலிய கறுப்பு இறப்பர்த் தகடும் நிக்கல் வெள்ளியும் கொண்டு நுட்பமாகச் செய்யப்பட்டவை; விலையும் மிகுந்தவை. அத்தகைய ஒன்றை வாங்கியவர் அதைத் தூக்கி எறிவாரா? ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் றபெத் கைப்பிடி, வில்லியம்ஸ் கைப்பிடி என்ற பெயர்களிலே தனிக் கைப்பிடிகள் விலைக்கு வந்தன. பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் இதைப் பொருத்திக்கொள்ளலாம். இதன் நடுவிலே உராய்வுத் தடை ஒன்று மறைந்திருந்தது. மீன் வலிந்து இழுக்கும்போது அந்த உராய்வு வழுக்கிக் கொடுக்கும். உருளை சுழன்று நூலை விடும். கைப்பிடி மட்டும் கையிலே அசையாமல் நிற்கும். இவ்வாறு, கைப்பிடியை மாற்றினால் றீலின் குணமே மாறும் என்ற உண்மை அன்றே வெளிப்பட்டது.

அடுத்த படியை எடுத்தவர் வில்லியம் பொஷன். அவலன் சங்கத்தைச் சேர்ந்த இவர் தனிமை விரும்பி. வாள்மீனைக் கோலும் றீலும் கொண்டு பிடித்தே தீருவதென்று உறுதி பூண்டவர். கைப்பிடியிலிருந்த உராய்வுத் தடையை றீலின் உள்ளேயே, பற்சில்லின் வயிற்றுக்குள், அடுக்கடுக்கான வட்டத் தகடுகளாக வைத்துவிட்டால் என்ன என்பது அவருடைய எண்ணம். அத்தகடுகளை இறுக்கவும் தளர்த்தவும் கைப்பிடியின் அடியிலே நட்சத்திர வடிவிலான ஒரு சிறு சில்லு. கைப்பிடி பின்னோக்கிச் சுழலாதபடி தடுக்க உள்ளே ஒரு சிறு நாக்கு. இத்தகைய றீலை ஜூலியஸ் வொம் ஹோப் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1913ஆம் ஆண்டு, கப்டன் ஜோர்ஜ் ஃபான்ஸ்வேர்த் என்னும் படகோட்டியோடு சென்ற பொஷன், 355 இறாத்தல் நிறையுள்ள வாள்மீனைப் பிடித்தார். கோலும் றீலும் கொண்டு பிடிக்கப்பட்ட முதல் வாள்மீன் அதுவே. லொஸ் ஏஞ்சலிஸில் றீல் செய்த ஜோ கொக்ஸ் என்பவருக்கும் இப்புதுமையிலே பங்குண்டு என்பர். எந்தப் புதுமையை எடுத்தாலும் அதற்குத் தந்தையர் இருவர் மூவர் இருப்பது உலக வழக்கு. யார் கண்டுபிடித்திருப்பினும், விரல்கள் பிழைத்தன.

கைப்பிடி மனிதனுக்குப் பகையாயிருந்த காலம் இவ்வாறு முடிந்தது. பகைமை நீங்கியதும் அதனிடம் வேறோர் எதிர்பார்ப்பு எழுந்தது. மேலும் வலிமையாக, மேலும் விரைவாக நூலை இழுக்க முடியுமா என்பதே அது.

விரைவு ஏன் வேண்டும்? சுறாக்களால். 1930ஆம் ஆண்டு நாவலாசிரியர் சேன் கிரே தாகித்தித் தீவுக்கு அப்பால் 1,040 இறாத்தல் நிறையுள்ள மார்லின் மீனைப் பிடித்தார். மார்லின் என்பது மயில்மீனின் இனத்தைச் சேர்ந்த, ஈட்டி போன்ற மூக்குடைய பெருமீன். ஆயிரம் இறாத்தலைத் தாண்டிய மீன் ஒன்று றீலினாற் பிடிக்கப்பட்டது அதுவே முதன்முறை. ஆயின் படகை அடையுமுன் சுறாக்கள் அதன் சதையில் ஒரு பகுதியைக் கவ்விச் சென்றுவிட்டன. பஹாமாத் தீவுகளைச் சேர்ந்த பிமினியிலும் இதே கதை. அங்கே தூண்டிலிற் சிக்கிய பெருஞ் சூரைகள் எல்லாம் தலையும் முள்ளுமாகவே மேலே வந்தன. 1935ஆம் ஆண்டில், பின்னர் நோபல் பரிசு பெற்ற ஏர்னஸ்ட் ஹெமிங்வே, முழுமையான சூரை ஒன்றை அக்கடலிலிருந்து முதன்முதலாகக் கரைசேர்த்தார். மீனை அதன் போக்கிலே ஓடவிட்டுக் களைப்பாற விடலாகாது, இடைவிடாது இழுத்து விரைவில் மேலே கொண்டுவருதல் வேண்டும் என்பதே அவர் கையாண்ட முறை. இழுவை மிகுந்தால் தடைக்கும் வேலை மிகும். பற்சில்லுக்கும் வேலை மிகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பிடிக்கு வேலை மிகும்.

இத்தேவைக்கு ஈடுகொடுக்க இருவகைத் தொழிலகங்கள் முன்வந்தன. புளோரிடாவின் மயாமி நகரிலே 1933ஆம் ஆண்டளவில் தோன்றிய ஃபின்-நோர் ஒரு வகை. டொமி கிஃபர்ட் என்ற புகழ்பெற்ற வாடகைப் படகுத் தலைவரின் ஆலோசனையோடு வளர்ந்த இத்தொழிலகம், அலுமினியக் கட்டியைக் கடைந்து றீல்கள் செய்தது. அவை செல்வர்களுக்கு உரியன. மற்றொன்று பிலடெல்பியாவிலே ஜேர்மன் நாட்டிலிருந்து குடியேறிய ஒட்டோ ஹென்ஸ் 1932ஆம் ஆண்டில் நிறுவிய பென் தொழிலகம். அதன் செனற்றர் என்னும் றீல் 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. இது உழைப்பாளிகளின் றீல். சிறியது முதல் மிகப் பெரியது வரை பல அளவுகளிற் கிடைத்தது, விலையும் தாங்கக்கூடியது. அமெரிக்கக் கரையெங்கும், மொன்றோக்கிலிருந்து ஹற்றராஸ் முனை வரையும், அங்கிருந்து புளோரிடா வரையும், வாடகைப் படகுகளிலே இந்த றீலே நிறைந்தது.

செனற்றர் றீலின் மற்றொரு சிறப்பு, அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் இருந்தமை. கைப்பிடிக்கு 15 என்ற எண். அவ்வெண்ணுடன் றீலின் அளவையும் குறித்தெழுதினால் அந்த உறுப்பு மட்டும் தனியே கிடைக்கும். நகரத்துச் செல்வர் தம் றீலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார். வாடகைப் படகுக்காரருக்கோ உறுப்பு கிடைக்காத றீல் பழைய இரும்பே. பென் றீல் அப்படகுகளிலே பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு அதன் வலிமையைக் காட்டிலும் இந்த எண்களே காரணம் என்று கொள்வது தவறாகாது.

இனி வாடகைப் படகைச் சிறிது நோக்க வேண்டும். படகுத் தலைவர் ஒருவர். யாழ்ப்பாணத்துத் தோணிகளிலே தண்டையல் என்று அழைக்கப்படுபவரைப் போன்றவர். அவருக்கு உதவியாள் ஒருவர். ஐக்கிய நாடுகளின் சட்டப்படி, இத்தகைய சிறு படகுகளிலே பெரும்பாலும் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றலாகாது. அந்த அறுவர் யார்? ஒருவர் வங்கி எழுதுவினைஞராயிருக்கலாம். ஒருவர் பாடசாலை ஆசிரியராயிருக்கலாம். ஆண்டு முழுதும் சேமித்த பணத்தில் ஒருநாட் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தவராயிருக்கலாம். கடல் மயக்கத்தோடு நிற்கும் அவர் முன்பின் றீலைத் தொட்டிராதவர். மீன் கவ்வியவுடன் கோலை அவர் கையிலே கொடுத்து, சுற்றுங்கள், சுற்றுங்கள் என்று உதவியாள் கத்துவார். அவர் சுற்றத் தெரியாமற் சுற்றுவார். கைப்பிடியின் நுனியிலுள்ள குமிழ் சிறிதாயிருந்தால் ஈரமும் இரையின் எண்ணெயும் படிந்த கை வழுக்கும். சில நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். நூல் ஒருகணம் தளர்ந்தால் தூண்டில் கழன்றுவிடும். மீன் போனால் பயணியின் கனவு போகும். உதவியாளின் வெகுமதியும் போகும். அடுத்த ஆண்டு அந்தப் படகை நாடி அவர் வருவதும் ஐயமே.

எனவேதான் வாடகைப் படகுக்காரர் பலர், றீலை வாங்கியதும் அதனோடு வந்த கைப்பிடியைக் கழற்றிப் பெட்டியிலே போட்டுவிட்டு, வேறு பெரிய கைப்பிடியைப் பொருத்தத் தொடங்கினர். சிலர் அதே தொழிலகத்தின் பெரிய றீலுக்குரிய கைப்பிடியைச் சிறிய றீலுக்கு இட்டனர். பின்னாளிலே இதற்கென்றே நீண்ட தண்டும், உள்ளங்கை நிறையப் பற்றக்கூடிய பெருங்குமிழும் கொண்ட கைப்பிடிகளைச் செய்து விற்கும் சிறு பட்டறைகளும் எழுந்தன.

இதன் பயனை ஆர்க்கிமிடீசின் நெம்புகோல் விதி நன்கு விளக்கும். நூலின் இழுவை 20 இறாத்தல் என்றும், நூல் சுற்றிய உருளையின் ஆரை ஒன்றரை அங்குலம் என்றும், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை இருமுறை சுழலும் என்றும் கொள்வோம். கைப்பிடியின் நீளம் 3 அங்குலமாயின், உராய்வை நீக்கிப் பார்த்தால், குமிழிலே கை கொடுக்க வேண்டிய விசை 20 இறாத்தல். நீளத்தை நாலரை அங்குலம் ஆக்கினால் அது 13 இறாத்தலுக்குச் சற்று மேலாகக் குறையும். ஒன்றரை அங்குல உலோகம் ஒருவரின் பாரத்தில் மூன்றிலொரு பங்கை இறக்கிவைத்துவிடுகிறது. திரிகையின் முளையை நடுவிலே அடிக்காமல் விளிம்பிலே அடித்த கிழவிகளுக்கு இது ஏட்டுக் கல்வியின்றியே தெரிந்திருந்தது.

எனினும் இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. கைப்பிடி நீளும்போது கை வரையும் வட்டமும் பெரிதாகும். சுற்றும் வேகம் குறையும். மீன் திடீரெனத் திரும்பிப் படகை நோக்கி ஓடிவரும் வேளையிலே, தளரும் நூலை விரைந்து சுற்றிக்கொள்ளக் குறுகிய கைப்பிடியே உதவும். நீண்ட தண்டு ஒருபுறமே பாரமாயிருப்பதால் வேகமாகச் சுற்றும்போது றீல் ஆட்டங்காணும். அதற்காகத் தண்டின் மறுமுனையிலே எதிர்ப்பாரம் ஒன்று வேண்டும். இவற்றினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. பெருமீனை உயர்த்தும் முறையான வழி, கோலை மெல்ல மேலே தூக்குவதும், தாழ்த்தும்போது மட்டும் கிடைத்த நூலைச் சுற்றிக்கொள்வதும் ஆகும். தூக்குவது முதுகும் காலும்; சுற்றுவது மட்டுமே கை. அறியாத பயணியின் கையிலே நீண்ட கைப்பிடியைக் கொடுத்தால், கிணற்றுக் கப்பியில் வாளியை இழுப்பவரைப் போல, கோலை அசைக்காமலே மீனைச் சுற்றி இழுக்க முனைவார். கைப்பிடி தாங்கும். அதன் கீழுள்ள சிறு குழலும் பற்சில்லும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல் மழுங்கும், குழல் வளையும், றீலே நின்றுவிடும். பெரிய கைப்பிடி சிறிய றீலைக் கொன்ற கதைகள் துறைமுகம்தோறும் உண்டு. அனுபவமுள்ள படகுத் தலைவர் கைப்பிடியை வேண்டிய அளவுக்கே நீட்டுவார். குமிழை மட்டும் தயங்காமற் பெரிதாக்குவார். பயணியின் கை களைப்பது பெரும்பாலும் தண்டின் குறுமையால் அன்று, குமிழின் சிறுமையாலேயே.

கைப்பிடியை மாற்றும் வேலை பார்வைக்குச் சிறியது. நடுவிலுள்ள பெரிய திருகாணி தளராதபடி அதைப் பூட்டி நிற்கும் சிறு திருகாணி ஒன்று இருக்கும். முதலில் அதைக் கழற்ற வேண்டும்; பின்னரே பெரியது. அதன்பின் கைப்பிடி தட்டையான பக்கங்களையுடைய குழலிலிருந்து மேலெழுந்து வரும். புதிய கைப்பிடியின் துவாரம் அந்தத் தட்டைப் பக்கங்களோடு இம்மியும் பிசகாமற் பொருந்த வேண்டும். இடைவெளி மயிரளவு இருப்பினும், ஒவ்வொரு சுற்றிலும் அது ஆடி ஆடித் துவாரத்தை வட்டமாக்கிவிடும். நட்சத்திரச் சில்லைத் திருப்பும்போது அது தண்டின் அடியிலே முட்டலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு நீரைப் பற்றிய எச்சரிக்கை வேண்டும். துருப்பிடியாத உருக்கும் அலுமினியமும் கடல்நீரிலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியம் வெந்த சுண்ணாம்பைப் போலப் பொரிந்து உதிரும். ஆகவே அவை சந்திக்கும் இடமெல்லாம் கிறீஸ் பூசியே இறுக்குவர். பூசாமல் இறுக்கிய கைப்பிடியைப் பருவ முடிவிலே சுத்தியலால் அடித்தாலன்றிக் கழற்ற முடியாது. அடித்தால் குழல் வளையும்.

எதுவரை மாற்றலாம் என்ற கேள்வியும் உடன் எழுந்தது. 1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே, மைக்கல் லேணர் என்பவரின் முயற்சியால், சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் தோன்றியது. ஹோல்டர் பணிபுரிந்த அதே நூதனசாலை என்பது ஒரு தற்செயலான பொருத்தம். உலகச் சாதனைகளைப் பதிவுசெய்யும் அச்சங்கத்தின் விதிகள் கைப்பிடியைப் பற்றியும் பேசுகின்றன. யந்திர வலுவால் இயங்கும் றீல் ஆகாது. முன்னும் பின்னும் ஆட்டி இயக்கும் பற்றடைக் கைப்பிடி ஆகாது. இரு கைகளாலும் ஒரே வேளையில் சுற்றும்படி அமைந்த றீலும் ஆகாது. குமிழைப் பெரிதாக்கலாம், தண்டை நீட்டலாம். ஆனால் அதைச் சுற்றுவது ஒருவரின் ஒரு கையாகவே இருத்தல் வேண்டும். மீனோடு போராடும்போது பிறரொருவர் கோலையோ றீலையோ தொட்டாலும் அந்த மீன் பதிவுக்குரியது அன்று.

இவ்விதியின் கடுமை இரு மீன்களின் வரலாற்றிலே தெளிவாகும். 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி பேரு நாட்டின் காபோ பிளாங்கோவுக்கு அப்பால் அல்பிரட் கிளாசெல் என்பவர் 1,560 இறாத்தல் நிறையுள்ள கருமார்லினைத் தாமே தனித்துப் பிடித்தார். அது பதிவேட்டில் ஏறியது. 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹவாயின் ஹொனலூலுவிலிருந்து கப்டன் கோர்னீலியஸ் சோய் என்பவரின் வாடகைப் படகு கடலுக்குச் சென்றது. கொரீன்-சி என்பது அதன் பெயர். விளையாட்டு வீரர் எவரும் அதிலே இல்லை. சாதாரணப் பயணிகளே இருந்தனர். அவர்களுடைய தூண்டிலை நீலமார்லின் ஒன்று கவ்வியது. ஒருவர் களைத்தபோது மற்றவர் கோலை வாங்கினார். கைப்பிடி கைமாறிக் கைமாறிச் சுழன்றது. கரையிலே நிறுத்தபோது 1,805 இறாத்தல். கோலும் றீலும் கொண்டு பிடிக்கப்பட்ட மார்லின்களுள் அதனினும் பெரியது இல்லை. ஆயினும் பலருடைய கை பட்டமையால் அது பதிவேட்டில் இடம்பெறவில்லை. பசிபிக் கடலின் நீலமார்லினுக்குரிய சாதனையாக நிற்பது 1982ஆம் ஆண்டு கோனாவிற் பிடிபட்ட 1,376 இறாத்தல் மீனே.

இதனை அநீதி என்று சொல்வாரும் உளர். அவ்வாறு சொல்வதற்கு இடமில்லை. ஹோல்டர் 1898ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நிபந்தனையைப் பிற்காலத்தவர் கைவிட்டிருப்பின், பதிவேட்டிலுள்ள எண்கள் யாவும் வெறும் இறைச்சி நிறையாகிவிடும். ஆனால் அன்று கூலி கொடுத்துப் படகேறிய பயணிகளுக்குப் பதிவேட்டைப் பற்றிய கவலை ஏது? அவர்கள் ஒருவரால் ஆகாததைப் பலராகக் கூடிச் செய்தார்கள். ஹவாய் மக்கள் அந்த மீனை இன்றும் “சோயின் பெருமீன்” என்றே சொல்கின்றனர். படகுத் தலைவரின் பெயராலேயே அது வழங்குகிறது. கைப்பிடியைச் சுற்றியவர்களின் பெயரைக் கேட்டால் சொல்லக்கூடியவர் சிலரே.

பின்னாளிலே றீல்கள் மேலும் மாறின. பென் தொழிலகம் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்ரநஷனல் என்ற பொன்னிற றீலிலே நட்சத்திரச் சில்லுக்குப் பதிலாக ஒரு நெம்பு வந்தது. அதன்பின் வந்த ஈர்வேக றீல்களிலே கைப்பிடியின் நடுவில் ஒரு பொத்தான். மீன் ஆழத்திற் படுத்துவிட்டால் அதை அழுத்தியவுடன் பற்சில்லுகள் மாறி, கை மெதுவாகவும் இலகுவாகவும் சுற்றும். மீன் ஓடிவரும்போது மறுபடி விரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். தண்டை நீட்டி முன்பு பெற்ற பயனைப் பற்சில்லே கொடுத்துவிடுவதால், அத்தகைய றீலுக்குக் கைப்பிடி மாற்றும் தேவை குறைந்தது. அவற்றின் விலையோ பலமடங்கு. ஆகவே பழைய செனற்றர் றீல்கள் வாடகைப் படகுகளிலிருந்து முற்றாக நீங்கவில்லை.

பருவம் முடிந்து படகுகள் கரையேறும் மாதங்களிலே அவற்றின் உதவியாட்கள் றீல்களைக் கழற்றி மேசையிலே பரப்புவர். நன்னீரில் கழுவி, கைப்பிடியின் திருகாணியை நீக்கி, குமிழ் தடையின்றிச் சுழல்கிறதா என்று விரலால் ஒருமுறை சுற்றிப் பார்ப்பர். சுழலாவிட்டால் உள்ளே உப்பு இறுகியிருக்கிறது என்பது பொருள். எண்ணெயிட்டும் இளகாததை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குரிய எண்ணையும் றீலின் அளவையும் ஒரு தாளிலே குறித்துக்கொள்வர்.